சென்சார் மாட்டியவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது: ஏற்காடு, சேலம் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஏற்காட்டில் இருக்கும் என் மாமியாருக்குப் பித்தப்பை அறுவை சிகிச்சை. சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்து நான்தான் கூட இருந்தேன். அவருக்குக் கையில் சுகர் சென்சார் உண்டு. போனில் ஓர் எண் காட்டும், சிஸ்டர் விரலில் குத்திப் பார்த்தால் வேறோர் எண் வரும், டாக்டர் ரவுண்ட்ஸில் புரட்டும் தாளில் சென்சார் என்ற பேச்சே இருக்காது. எதை நம்புவது, யாரிடம் சொல்வது, ஸ்கேனுக்கு முன் கழற்ற வேண்டுமா என்று ஒவ்வொன்றையும் ஆள் ஆளாக விசாரித்துத்தான் தெரிந்துகொண்டோம். நீங்கள் அந்த அலைச்சல் படாமல் இருக்கவே இதை எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. மருந்து அளவை மாற்றுவது பற்றி இதில் ஒரு வரிகூட இருக்காது. கருவி, காகிதம், காசு, நேரம் இவைதான் விஷயம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேஸ் ஷீட்டில் எழுதப்படாத சென்சார், வார்டைப் பொறுத்தவரை இல்லாத சென்சார். கீழே சொல்லும் பாதி வேலை அதை எழுத வைக்கும் வேலைதான்.

1. உங்களிடம் இருப்பது எந்தக் கருவி?

'சுகர் மிஷின் இருக்கு' என்று பொதுவாகச் சொன்னால் எல்லோரும் குளுக்கோமீட்டர் என்றே எடுத்துக்கொள்வார்கள். அதனால் பெயரோடு சொல்லுங்கள்.

விரலில் குத்தி ஸ்ட்ரிப்பில் ரத்தம் தொட்டுப் பார்ப்பது குளுக்கோமீட்டர். வார்டில் இதை சிபிஜி என்றோ ஜிஆர்பிஎஸ் என்றோ சொல்வார்கள்.

மேல்கையின் பின்பக்கம் நாணயம் அளவில் ஒட்டியிருப்பது சிஜிஎம் சென்சார், அதாவது குத்தாமலே சுகரைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் கருவி. நம் பக்கம் அதிகம் பார்ப்பது அபாட் கம்பெனியின் ஃப்ரீஸ்டைல் லிப்ரே. ஒரு சென்சார் பெரும்பாலும் 14 நாள் ஓடும். மாட்டி ஒரு மணி நேரம் கழித்துத்தான் எண் காட்ட ஆரம்பிக்கும். இதிலும் வகை உண்டு. போனையோ ரீடரையோ பக்கத்தில் காட்டினால் மட்டும் படிக்கும் பழைய மாடல் இருக்கிறது. தானாகவே போனுக்கு அனுப்பி, சுகர் இறங்கினால் அலாரம் அடிக்கும் மாடலும் இருக்கிறது. பழைய மாடல் 8 மணி நேரத்து அளவுகளைத்தான் நினைவில் வைத்திருக்கும். ராத்திரி முழுக்க யாரும் போனைக் காட்டவில்லை என்றால் முதல் சில மணி நேரத்துக் கோடு காணாமல் போய்விடும். லிப்ரே ப்ரோ என்று ஒன்று டாக்டர்களுக்காகவே இருக்கிறது. அதன் எண்களை அப்போதைக்கப்போது நம்மால் பார்க்க முடியாது, கடைசியில் கிளினிக்கில்தான் படித்துச் சொல்வார்கள். அது மாட்டியிருந்தால் வார்டில் உங்களுக்கு உடனடிப் பயன் எதுவும் கிடையாது.

மூன்றாவது இன்சுலின் பம்ப். நம் ஊரில் குறைவுதான், பெரும்பாலும் டைப் 1, அதாவது உடம்பில் இன்சுலினே சுரக்காத சுகர் நோயாளிகளிடம் இருக்கும். அதற்குத் தனியாக 7ஆம் பகுதி வைத்திருக்கிறேன்.

2. மலையிலிருந்து இறங்குமுன்

ஏற்காட்டிலிருந்து சேலம் 30 கிலோமீட்டர் அளவுதான். ஆனால் 20 கொண்டை ஊசி வளைவு. இன்சுலின் போட்டுவிட்டு, காலையில் சாப்பிட்டதை ஐந்தாவது வளைவில் வாந்தி எடுத்துவிட்டால் அடிவாரம் வருவதற்குள் சுகர் இறங்கிவிடும். கிளம்பும் நாள் காலை இன்சுலினை எப்போது, எவ்வளவு போடுவது என்று முந்தின நாளே டாக்டரிடம் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபடுவதும் உண்டு. அப்போது குப்பனூர் வழியாகச் சுற்றி வர வேண்டியிருக்கும், அந்த நேரத்தையும் கணக்கில் சேருங்கள். நிலைமை மோசமாக இருந்தால் சொந்த வண்டி வேண்டாம், 108 கூப்பிடுங்கள்.

மலைப்பாதையில் சிக்னல் போய்ப் போய் வரும். இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சென்சாருக்கும் போனுக்கும் இடையே நெட் தேவையில்லை. சேலத்தில் இருக்கும் மகன் தன் போனில் அம்மாவின் சுகரைப் பார்க்கிறாரே, அந்தப் பகிர்வுக்குத்தான் நெட் வேண்டும். அவருக்கு எண் வராவிட்டாலும் அம்மா கையில் இருக்கும் போனில் வந்துகொண்டிருக்கும்.

பையில் வைக்க வேண்டியவை:

ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை, மூன்றுக்கும் இரண்டிரண்டு ஜெராக்ஸ். கடைசியாகப் பார்த்த எச்பிஏ1சி (மூன்று மாதச் சுகர் சராசரி) ரிப்போர்ட், கிரியாட்டினின் (கிட்னிப் பரிசோதனை) ரிப்போர்ட். இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள். பெயர் எழுதிய துண்டுச் சீட்டு போதாது, அட்டையே வேண்டும். ஏன் என்று 6ஆம் பகுதியில் வரும்.

சென்சார் வந்த பெட்டி அல்லது பெட்டியின் போட்டோ. அதில் மாடல் பெயரும் சீரியல் எண்ணும் இருக்கும். மாட்டிய தேதியை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

வீட்டுக் குளுக்கோமீட்டர், காலாவதியாகாத ஸ்ட்ரிப், லான்செட். சென்சார் இருக்கிறதே, இது எதற்கு என்று கேட்காதீர்கள். கட்டாயம் வேண்டும்.

போன் சார்ஜர், பவர் பேங்க், ஒரு நீள எக்ஸ்டென்ஷன் ஒயர். பொது வார்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் பிளக் பாயிண்ட் கிடைப்பது அதிர்ஷ்டம். போன் அணைந்தால் கருவியில் பாதி செத்த மாதிரி.

குளுக்கோஸ் பவுடர் ஒரு பாக்கெட்.

இன்சுலின். இதைக் குளிர்ப்பையில் வையுங்கள், ஐஸ் கட்டியோடு நேராக ஒட்ட விடாதீர்கள், உறைந்த இன்சுலின் குப்பைக்குத்தான். திறக்காததை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். திறந்ததைப் பெரும்பாலும் 30 டிகிரிக்குக் கீழே நான்கு வாரம் அளவுக்கு வெளியில் வைத்துக்கொள்ளலாம். ஏற்காட்டில் மேஜை மேல் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. சித்திரை மாதம் சேலத்தில் பூட்டிய காருக்குள் அரை மணி நேரம் வைத்தால் அதை நம்ப முடியாது.

3. சேர்க்கும் அன்று முதல் ஒரு மணி நேரம்

ஓபி சீட்டு, பில் கவுண்டர், ரத்தப் பரிசோதனை என்று ஓடும் நேரம் இது. இதற்குள் இரண்டு பேரிடம் சென்சார் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒருவர் கேஸ் ஷீட் எழுதும் டியூட்டி டாக்டர். இன்னொருவர் அந்த ஷிப்ட் சிஸ்டர். பெரிய டாக்டரிடம் சொன்னோம், போதும் என்று விட்டுவிடாதீர்கள். அவர் ஒரு நாளைக்கு ஒருமுறை வருவார், இரவு இரண்டு மணிக்கு இருப்பவர் வேறு.

எப்படிச் சொல்வது என்பதிலும் விஷயம் இருக்கிறது. 'எங்ககிட்ட மிஷின் இருக்கு, நீங்க குத்த வேண்டாம்' என்று ஆரம்பித்தால் கதவு மூடிவிடும். எனக்குக் கடைசியில் பலித்த வார்த்தைகள் இவை:

"டாக்டர், இவங்களுக்கு இடது கையில சிஜிஎம் சென்சார் இருக்குங்க. இன்னும் ஒன்பது நாள் ஓடும். கேஸ் ஷீட்ல எழுதிக்கங்க. மருந்து அளவெல்லாம் நீங்க குத்திப் பார்க்கிறத வச்சே குடுங்க. ஏறுதா இறங்குதான்னு பார்க்கத்தான் நாங்க இத வச்சிருக்கோம்."

இப்படிச் சொன்னதும் டியூட்டி டாக்டர் பேனாவை எடுத்துவிட்டார். நீங்கள் சொல்வது புதுமையான கோரிக்கையும் இல்லை. அமெரிக்காவின் எண்டோகிரைன் சொசைட்டி 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல், லோ சுகர் வரும் ஆபத்துள்ள உள்நோயாளிகளுக்குச் சென்சாரைப் பயன்படுத்தலாம், கூடவே விரலில் குத்தியும் சரிபார்க்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. ஏற்கெனவே வீட்டில் சென்சார் பழகியவர் ஆஸ்பத்திரியிலும் அதைத் தொடரலாம் என்பதும் அதில் இருக்கிறது. ஆனால் முடிவு அந்த ஆஸ்பத்திரியுடையது. சில இடங்களில் கழற்றச் சொல்வார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் அப்படிச் சொல்ல நல்ல காரணங்கள் உண்டு, அடுத்த பகுதியில் பாருங்கள்.

எழுதச் சொல்ல வேண்டியவை நான்கு: கருவியின் பெயர், எந்தக் கை, மாட்டிய தேதி, முடியும் தேதி. எந்தக் கை என்பது ஏன் முக்கியம் என்றால், பிபி பட்டையையும், ரத்தம் எடுக்க இறுக்கிக் கட்டும் டூர்னிக்கேட்டையும் அந்தக் கையில் சுற்றாமல் இருப்பதற்காக. ஒரு பிளாஸ்டர் துண்டில் 'சென்சார்' என்று எழுதி அந்தத் தோளுக்குக் கீழே ஒட்டிவிட்டால் எல்லா ஷிப்டுக்கும் சேர்த்துச் சொன்ன மாதிரி.

4. இரண்டு எண்ணும் ஒத்துப்போகாதபோது

அதிகச் சண்டை நடக்கும் இடம் இதுதான். சென்சார் 142, சிஸ்டர் குத்தினால் 171. எது பொய்?

இரண்டுமே மெய்யாக இருக்கலாம். சென்சார் ரத்தத்தை அளப்பதில்லை. தோலுக்குக் கீழே செல்களுக்கு நடுவில் இருக்கும் நீரில் உள்ள சர்க்கரையை அளக்கிறது. ரத்தத்தில் ஏறிய சர்க்கரை அங்கே போய்ச் சேர 5 முதல் 15 நிமிடம் பிடிக்கும். இட்லி சாப்பிட்ட அரை மணி நேரத்தில் சுகர் வேகமாக ஏறிக்கொண்டிருக்கும்போது சென்சார் பின்தங்கிக் குறைவாகக் காட்டும். லோ சுகருக்குக் குளுக்கோஸ் கொடுத்த பிறகும் அப்படித்தான். விரலில் 90க்கு வந்துவிட்டிருக்கும், போன் இன்னும் 65 என்று அலறும். அதைப் பார்த்து இன்னொரு டம்ளர் குளுக்கோஸ் கொடுத்தால் மதியம் 280இல் நிற்பீர்கள்.

குளுக்கோமீட்டரும் தேவவாக்கு இல்லை. அதற்கான சர்வதேசத் தரமே, 100க்கு மேல் இருக்கும்போது 15 சதவீதம், 100க்குக் கீழே 15 மில்லிகிராம் முன்பின் போவதை ஏற்றுக்கொள்கிறது. எனவே இரண்டையும் ஒப்பிடும்போது பல ஆஸ்பத்திரிகளில் இப்படி ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: 100க்கு மேல் என்றால் 20 சதவீதத்துக்குள், 100க்குக் கீழே என்றால் 20 மில்லிகிராமுக்குள் வித்தியாசம் இருந்தால் சென்சார் சரியாக வேலை செய்கிறது. மேலே சொன்ன 142, 171 இந்தக் கணக்கில் தேறிவிடும். இதைத் தாண்டினால், சுகர் நிலையாக இருக்கும் நேரமாகப் பார்த்து மறுபடி குத்தச் சொல்லுங்கள். அப்போதும் ஒத்து வரவில்லை என்றால் அந்த சென்சாரை ஓரங்கட்டுங்கள்.

சென்சார் தவறாகக் காட்டும் சந்தர்ப்பங்கள்:

சென்சார் உள்ள கை மேல் ஒருக்களித்துப் படுத்தால் அங்கே அழுத்தம் விழுந்து பொய்யாக லோ காட்டும். ராத்திரி இரண்டு மணி அலாரங்களில் இதற்கும் பங்கு உண்டு. அப்போது கையை விடுவித்து, உடனே விரலில் குத்திப் பாருங்கள். அழுத்தம்தான் காரணம் என்று நீங்களே முடிவு கட்டிக்கொண்டு தூங்கிவிடாதீர்கள்.

மாட்டிய முதல் நாள். அன்று எண் கொஞ்சம் தடுமாறும். ஆஸ்பத்திரிக்குப் போகிறோமே என்று அன்று காலை புதிதாக மாட்ட வேண்டாம், ஒன்றிரண்டு நாள் முன்பே மாட்டிவிடுங்கள்.

பிபி மிகவும் இறங்கியவர், உடம்பில் நீர் கோத்து வீங்கியவர், கடுமையாக நீர் வற்றியவர். இவர்களுக்குத் தோலுக்கடியில் ஓட்டமே சரியாக இருக்காது. தீவிர சிகிச்சைப் பிரிவில் சென்சாரை நம்பத் தயங்குவது இதனால்தான்.

அதிக அளவு வைட்டமின் சி. லிப்ரே வகைகளில் இது சுகரை இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். தினமும் 500 மில்லிகிராம் போடும் சப்புகிற மாத்திரைகூட இந்தக் கணக்கில் வரலாம், டிரிப்பில் ஏற்றினால் கேட்கவே வேண்டாம். பாரசிட்டமால் லிப்ரேவைப் பாதிக்காது. மெட்ரானிக் கம்பெனியின் சில சென்சார்களைப் பாதிக்கும்.

குளுக்கோமீட்டர் தவறாகக் காட்டும் சந்தர்ப்பங்களும் உண்டு. குளுக்கோஸ் டிரிப் ஏறும் கையிலேயே குத்தினால் அதிகமாகக் காட்டும், மறுகையில் குத்தச் சொல்லுங்கள். ரத்தம் மிகக் குறைந்தவர்களுக்கும் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். இன்னொன்று, சேலத்து மாம்பழ சீசனில் பார்க்க வந்தவர்கள் பழம் நறுக்கிக் கொடுப்பார்கள், அந்த விரலையே துடைக்காமல் குத்தினால் 300 காட்டும். சோப்புப் போட்டுக் கழுவி, உலர்த்திவிட்டுக் குத்துவதுதான் சரி. ஏற்காட்டுக் குளிரில் விரல் சில்லிட்டு ரத்தம் வராவிட்டால் பிசைந்து பிழியாதீர்கள். வெந்நீரில் கையை வைத்துச் சூடேற்றிக் குத்துங்கள்.

இவ்வளவு சிக்கலுக்கு நடுவில் சென்சாரின் அருமை எங்கே என்றால், அந்த அம்புக்குறியில்தான். குத்திப் பார்த்தால் 120 என்று மட்டும் தெரியும். 120 என்று காட்டி அம்பு நேராகக் கீழே பார்த்தால், லிப்ரேவில் அதற்கு நிமிடத்துக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் இறங்குகிறது என்று பொருள். கால் மணி நேரத்தில் 90க்கு வரலாம். வார்டில் நான்கு வேளை குத்துவதற்கு நடுவில் நடப்பதைக் காட்டுவது இது ஒன்றுதான். அம்பு கீழே பார்க்கும்போது, இரவு இன்சுலின் போடுமுன், சிஸ்டரிடம் போனைக் காட்டி ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். நேரம், சென்சார் எண், அம்பு, குத்திய எண், சாப்பிட்டது, போட்ட ஊசி. ரவுண்ட்ஸில் டாக்டருக்குப் போன் திரையைத் தடவிப் பார்க்க நேரமிருக்காது. நோட்டை நீட்டினால் பார்ப்பார்.

5. இன்சுலின்: யார் போடுவது, எந்த ஊசியில்

உள்நோயாளிக்குப் பொதுவாக வைக்கும் இலக்கு 140 முதல் 180. வீட்டில் 110 வைத்திருந்தவருக்கு 165 என்றதும் குடும்பமே பதறும். ஆஸ்பத்திரியில் லோ சுகர்தான் பெரிய எதிரி, அதனால் கொஞ்சம் மேலேயே வைத்திருப்பார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். 180க்கு மேலேயே தொடர்ந்து நின்றால் அப்போது கேளுங்கள்.

போனைப் பார்த்துவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த இன்சுலின் பேனாவில் சிஸ்டருக்குத் தெரியாமல் நாலு யூனிட் போடும் ஆட்கள் இருக்கிறார்கள். அடுத்த அரை மணியில் சிஸ்டர் தன் தாளில் உள்ளபடி போடுவார். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டு இன்சுலினைப் பயன்படுத்துவதாக இருந்தால் டாக்டர் எழுதட்டும், சிஸ்டர் கையில் கொடுத்துப் பெயர் ஒட்டி ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லுங்கள்.

ஊசி விஷயத்தில் நம் நாட்டுக்கே உரிய பொறி ஒன்று உண்டு. குப்பியில் வரும் இன்சுலினில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் கொண்டதும் 100 யூனிட் கொண்டதும் இரண்டும் விற்கிறார்கள். 40க்குச் சிவப்பு மூடிச் சிரிஞ்சு, 100க்கு ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சு. மாற்றி எடுத்தால் அளவு இரண்டரை மடங்கு ஏறும் அல்லது இறங்கும். வெளிக்கடையில் வாங்கிவரச் சொன்னால் குப்பியில் உள்ள எண்ணையும் சிரிஞ்சில் உள்ள எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பேனா கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சால் உறிஞ்சுவதையும் அனுமதிக்காதீர்கள்.

சாப்பாட்டு நேரம். வேகமாக வேலை செய்யும் இன்சுலின் போட்டபின் சாப்பாடு வர வேண்டும். கேன்டீன் தட்டு ஒரு மணி நேரம் தாமதமாவது சகஜம். தட்டு கண்ணில் பட்டபின் ஊசி போடலாமா என்று சிஸ்டரிடம் கேளுங்கள். பார்க்க வருபவர்கள் தட்டுவடை செட்டும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்தால் நோட்டில் அதையும் எழுதுங்கள். இல்லையென்றால் அந்த ஏற்றத்துக்கும் சேர்த்து இன்சுலின் கூடிவிடும்.

ஸ்டீராய்டு கொடுக்கிறார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காலையில் கொடுத்தால் மதியத்துக்கு மேல் இரவு வரை சுகர் எகிறும், விடியும்போது இறங்கிவிடும். மயக்க மருந்தோடு வாந்தி வராமலிருக்கப் போடும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஒரே ஊசிகூட இந்த வேலையைச் செய்யும். சென்சார் கோட்டில் இது நன்றாகத் தெரியும்.

6. ஸ்கேனுக்கும் ஆபரேஷனுக்கும் முன்

எம்ஆர்ஐ என்றால் சென்சாரைக் கழற்றச் சொல்வார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சிடிக்கும் எக்ஸ்ரேக்கும் மாடலுக்கு மாடல் வேறுபடும். பெட்டியில் உள்ள கையேட்டைப் பாருங்கள், ஸ்கேன் அறையில் டெக்னீஷியனிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். ஒருமுறை கழற்றிய சென்சாரைத் திரும்ப ஒட்ட முடியாது. ஐயாயிரம் ரூபாய்ப் பொருள். எனவே ஸ்கேன் தேதி தெரிந்தால் பழைய சென்சாரின் 14 நாள் முடிவும் ஸ்கேனும் ஒட்டி வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள், புதியதை ஸ்கேன் முடிந்து மாட்டுங்கள்.

ஆபரேஷன் தியேட்டருக்குள் சென்சார் போகலாமா என்பதை மயக்க மருந்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். ரத்தக்குழாயைச் சுட்டு அடைக்கும் மின்கருவி பக்கத்தில் வந்தால் தொந்தரவு. முந்தின நாள் அவர் பார்க்க வரும்போதே கேளுங்கள். சுகர் நோயாளியைப் பட்டியலில் முதல் ஆளாகக் காலையிலேயே எடுக்க முடியுமா என்றும் அவரிடமே கேட்கலாம். வெறும் வயிற்றோடு மதியம் வரை காத்திருப்பது இவர்களுக்கு ஆகாது.

இப்போது அந்த மாத்திரை அட்டைகள். டாபாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின், கனாக்லிஃப்ளோசின் என்று எதிலாவது இருந்தால் ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். சுகர் 160தான் இருக்கும், ஆனால் உடம்பில் கீட்டோன் என்ற அமிலம் ஏறி ஆள் மோசமாகிவிடலாம். சென்சார் சுகரைத்தான் காட்டும், கீட்டோனைக் காட்டாது. கோடு அழகாக இருக்கிறதே என்று ஏமாற இதைவிட வேறு இடம் இல்லை. பல மாத்திரைகளில் இவை மெட்ஃபார்மினோடு கலந்தே வரும், மேலே பெரிய எழுத்தில் கம்பெனி வைத்த பெயர்தான் இருக்கும். அதனால்தான் அட்டையே வேண்டும் என்றேன். மெட்ஃபார்மினும் கூட, கிட்னி பலவீனமானவர்களுக்குச் சாயம் ஏற்றி எடுக்கும் சிடிக்கு நிறுத்தப்படும். கிரியாட்டினின் ரிப்போர்ட் அதற்கு.

7. இன்சுலின் பம்ப் இருந்தால்

பம்பில் இருப்பது வேகமாக வேலை செய்து வேகமாக முடியும் இன்சுலின் மட்டும். கழற்றிய ஓரிரு மணி நேரத்தில் டைப் 1 நோயாளிக்குச் சிக்கல் ஆரம்பமாகும். எனவே 'கழற்றுங்கள்' என்று யார் சொன்னாலும் அடுத்த கேள்வி இதுதான்: 'பதிலுக்கு எந்த ஊசி, எத்தனை மணிக்கு?' அது கேஸ் ஷீட்டில் எழுதப்பட்டபின் கழற்றுங்கள். எம்ஆர்ஐ அறைக்குள் பம்ப் போகவே கூடாது. நோயாளி மயக்கத்திலோ குழப்பத்திலோ இருந்தால் பம்பை அவரே இயக்க முடியாது, அப்போது ஊசிக்கு மாறுவதுதான் பாதுகாப்பு. பம்ப் அமைப்புகளை எழுதிய தாள், மாற்று செட், பேட்டரி மூன்றையும் நீங்களே கொண்டுபோங்கள். வார்டில் இருக்காது.

8. லோ சுகர் வந்தால்

70க்குக் கீழே லோ. 54க்குக் கீழே என்றால் அவசரம். வியர்வை, நடுக்கம், பேச்சில் குழறல் இருந்தால் போனில் என்ன எண் இருந்தாலும் சிஸ்டரைக் கூப்பிடுங்கள். விழித்திருந்து விழுங்க முடிந்தவருக்கு, வாய்வழி சாப்பிடத் தடை இல்லை என்றால், 15 கிராம் குளுக்கோஸ் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடம் கழித்து விரலில் குத்திப் பார்ப்பார்கள். வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரை சாப்பிடுபவருக்கு வீட்டுச் சர்க்கரை சட்டென்று வேலை செய்யாது, குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். பையில் அந்தப் பாக்கெட்டை வைக்கச் சொன்னது இதற்கு.

ஆபரேஷனுக்காக வெறும் வயிற்றில் இருப்பவருக்கு நீங்கள் எதுவும் வாயில் ஊற்ற வேண்டாம். மயங்கியவருக்கும் கூடாது. அவர்களுக்கு நரம்பு வழியாகத்தான் குளுக்கோஸ் ஏற்றுவார்கள்.

9. செலவு

சென்சார் ஒன்று ஏறக்குறைய 5,000 ரூபாய், கடைக்கும் மாடலுக்கும் தக்கபடி கூடும் குறையும். சேலத்தில் பெரிய மருந்துக் கடைகளில் கேட்டால் வரவழைத்துத் தருவார்கள், ஏற்காட்டில் கிடைக்கும் என்று எதிர்பார்க்காமல் உபரி ஒன்று வாங்கி வையுங்கள். பில்லை வாங்குங்கள், இடையில் பழுதானால் கம்பெனியின் உதவி எண்ணுக்குச் சீரியல் எண்ணோடு போன் செய்து மாற்றுக் கேட்கலாம். பழுதான சென்சாரைத் தூக்கி எறியாதீர்கள்.

தனியார் ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு முறை குத்துவதற்கும் ஒரு தொகை பில்லில் ஏறும். சேரும்போதே கவுண்டரில் எவ்வளவு என்று கேளுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பட்டியலில் குளுக்கோமீட்டரும் ஸ்ட்ரிப்பும் சிகிச்சைச் செலவுக்குள்ளேயே அடங்கும் பொருள்களாக இருக்கின்றன. தனி வரியாகப் போட்டால் காப்பீட்டு நிறுவனம் அதை வெட்டிவிடும், நம் கையிலிருந்து போகும். டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள் மாலையே இடைக்கால பில்லைக் கேட்டு வாங்கிப் பேசிவிடுங்கள். டிஸ்சார்ஜ் அன்று பேச ஆரம்பித்தால் சாயங்காலம் ஆகிவிடும்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு, ஆண்டுக்கு 5 லட்சம் வரை. அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டும். வருமானச் சான்றுக்குச் சில நாள் ஆகும் என்பதால் ஆபரேஷன் என்று பேச்சு வந்த அன்றே இதை ஆரம்பியுங்கள். திட்டத்தில் பட்டியலிட்ட சிகிச்சைகளுக்குத்தான் பணம், வீட்டில் மாட்டும் சென்சாருக்கு இல்லை. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்ந்தால் இன்சுலினும் குத்திப் பார்ப்பதும் இலவசம். சந்தேகம் கேட்க 104.

10. டிஸ்சார்ஜ்

சம்மரியில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்: இப்போது போடும் இன்சுலினின் முழுப் பெயர், அளவு, நேரம், நிறுத்திய மாத்திரைகளை எந்தத் தேதியில் திரும்ப ஆரம்பிப்பது, ஸ்டீராய்டு தொடர்ந்தால் எப்போது குறைப்பது, எந்த அளவுக்குக் கீழே அல்லது மேலே போனால் கூப்பிட வேண்டும், எந்த எண்ணுக்கு. ஆஸ்பத்திரியில் கூட்டிய இன்சுலின் அளவு, வீட்டுக்கு வந்து ஸ்டீராய்டு நின்றதும் அதிகமாகிவிடும். முதல் வாரம் லோ வர வாய்ப்பு அதிகம். அந்த வாரத்துக்கு சென்சார் ஓடிக்கொண்டிருப்பது நல்லது, வார்டில் மாட்டியிருந்ததைவிட அப்போதுதான் கூடுதல் உபயோகம் என்பது என் அபிப்பிராயம். கையில் ஒன்றுக்கு மட்டும்தான் காசு இருக்கிறது என்றால் வீட்டுக்கு வந்தபின் மாட்டுங்கள்.

ஊசி முனைகளையும் கழற்றிய சென்சாரையும் மூடி உள்ள கெட்டிப் பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து வைத்து, அடுத்த முறை பரிசோதனைக்கு வரும்போது ஆஸ்பத்திரியில் கொடுத்துவிடுங்கள். மறுபரிசோதனைக்குப் போகும்போது ஆப்பில் உள்ள 14 நாள் ரிப்போர்ட்டைப் பிடிஎஃப் ஆக எடுத்து, ஒரு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோங்கள். டாக்டர் அதைச் சீட்டோடு பின் அடித்து வைத்துக்கொள்வார்.